கிடைத்தபடி ஆடுவதா, மாற்றி ஆடுவதா?

ஒரு பந்தாட்டம் மலாக்கா அரசையே உலுக்கியது என்றால் நம்புவீர்களா? சுல்தான் மன்சூர் ஷா 1459 முதல் 1477 வரை மலாக்காவை ஆண்டவர். அவருடைய மகன் ஒருவர் குதிரை ஏறி வீதியில் போய்க்கொண்டிருந்தார். பெண்டஹாரா துன் பேராக்கின் மகன் துன் பெசார், நண்பர்களோடு செப்பாக் ராகா ஆடிக்கொண்டிருந்தார். பிரம்பால் பின்னிய பந்து தவறிப் போய் இளவரசரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. இளவரசர் அந்த இடத்திலேயே துன் பெசாரைக் கொன்றுபோட்டார். பெண்டஹாராவின் ஆட்கள் கொதித்தெழுந்தார்கள். அவரோ மன்னருக்கு எதிராக ஆயுதம் எடுக்க மறுத்துவிட்டார். ஆனால் அந்த இளவரசர் மலாக்காவின் அரியணையில் உட்காரக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நின்றார். இளவரசர் பகாங்குக்கு அனுப்பப்பட்டார் என்று ‘செஜாரா மெலாயு’ சொல்கிறது.

உயிர்ப்பலி வாங்கிய அந்த ஆட்டத்தில் வலை கிடையாது. எதிரணி கிடையாது. வட்டமாக நின்று, பந்து தரையில் விழாமல் காலால் தட்டிக்கொண்டே இருப்பதுதான் ஆட்டம். வலை கட்டி, கோடு போட்டு, இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் அது இடம்பெற்றது. மலாய்க்காரர்களின் ‘செப்பாக்’கையும் தாய்லாந்துக்காரர்களின் ‘தக்ரோ’வையும் ஒட்டவைத்து ஒரு பெயரும் கொடுத்தார்கள். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டி வரை அது போய்ச் சேர்ந்தது. இன்று உலகம் அறிந்திருப்பது மாற்றப்பட்ட ஆட்டத்தைத்தான். அசல் ஆட்டம் கம்போங் திருவிழாக்களில் மட்டும் எட்டிப் பார்க்கிறது.

நம் பல்லாங்குழிக்கும் இதே கதைதான். தமிழகத்துப் பலகையில் இரண்டு வரிசையாகப் பதினான்கு குழிகள். மலாய் வீட்டுச் சோங்காக்கிலோ இரு முனைகளிலும் பெரிய ‘வீடு’ இரண்டு கூடுதலாக இருக்கும். குழியில் நான்கு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. சோங்காக்கிலோ முத்தெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். எது அசல், எது மாற்று என்று இரண்டு பாட்டிகளை உட்காரவைத்துக் கேட்டால் பொழுது விடிந்துவிடும்.

கணினி விளையாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டுப் பல்லாங்குழி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். இன்று இளைஞர்கள் மல்லுக்கு நிற்கும் கேள்வி இதே கேள்விதான். ஒரு விளையாட்டை நிறுவனம் கொடுத்தபடியே ஆடுவதா, அல்லது ‘மோட்’ போட்டு, அதாவது யாரோ ஒரு ரசிகர் செய்த மாற்றத்தை ஏற்றிக்கொண்டு ஆடுவதா? அசலில் கைவைப்பது துரோகம் என்பார் ஒருவர். மோட் இல்லாமல் ஆடுவது உப்பில்லாச் சோறு என்பார் இன்னொருவர்.

உம்பாய்ச் சாலையில் ஒரு தமிழ்நாட்டுப் பேருந்து

மலாக்கா நகரிலிருந்து மெர்லிமாவ் போகும் கடற்கரைச் சாலையில் உம்பாய் இருக்கிறது. மாலை ஆனால் சுட்ட மீன் கடைகளில் புகை கிளம்பும். கடலுக்குள் பூலாவ் பெசார் தெரியும். மீன் வெந்து வருவதற்குள் பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். மலாக்காவில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அப்படி எடுத்த கைப்பேசிகளில் அதிகம் ஓடிய விளையாட்டுகளில் ஒன்று, இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’.

பெயரே சொல்கிறது, அது இந்தோனேசியப் பேருந்து ஓட்டும் விளையாட்டு. ஜாவாவின் நகரங்கள், அந்நாட்டுச் சாலைகள், 2016-இல் அந்நாட்டுப் பிள்ளைகள் தெருவோரம் நின்று ஓட்டுநர்களிடம் கேட்டுக் கேட்டு உலகப் புகழ் பெறச் செய்த அந்த ‘தெலோலெட்’ ஊதல் சத்தம் எல்லாம் அதில் உண்டு. நிறுவனம் செய்த புத்திசாலித்தனம் ஒன்று. பேருந்தின் வண்ணத்தை ஆடுகிறவரே மாற்றிக்கொள்ள வழி வைத்தது. பிறகு வண்டியையே மாற்றவும் கதவைத் திறந்துவிட்டது. அவ்வளவுதான். தமிழ்நாட்டு அரசு விரைவுப் பேருந்துகள், தனியார் ஆம்னி பேருந்துகள், கேரளத்துச் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் ஜாவாச் சாலைக்குள் புகுந்துவிட்டன. மலேசிய விரைவுப் பேருந்துகளின் வண்ணங்களும் வந்தன.

இது ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. இந்தோனேசியாவிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் போகும். இந்தியாவிலும் மலேசியாவிலும் அதே வழக்கம். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். பெரும்பாலான ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டுகளில் நம்மூர்ப் பிள்ளை எதிர்ப்பக்கத்தில் ஓட்டிப் பழக வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து நாட்டின் விளையாட்டு சொந்த ஊர் விளையாட்டைப் போல ஆகிவிட்டது.

இந்த விளையாட்டை அசலாக மட்டும் ஆடினால் ஒரு இந்தோனேசிய ஓட்டுநரின் வாழ்க்கை தெரியும். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் தன் ஊர்ப் பேருந்தைத் திரையில் பார்த்ததும் ஒரு பிள்ளையின் முகத்தில் வரும் மலர்ச்சி வேறு. உலகச் சந்தைக்குச் செய்யப்படும் எந்த விளையாட்டிலும் அவன் ஊர் இருக்காது. இருக்கவைக்க ஒரே வழி, யாராவது உட்கார்ந்து சேர்ப்பதுதான்.

காற்பந்து ரசிகர்களுக்கு இது பழைய செய்தி. ஜப்பானின் கொனாமி நிறுவனத்தின் காற்பந்து விளையாட்டு மலேசிய வீடுகளில் ‘வின்னிங் இலெவன்’ என்ற பெயரிலேயே வழங்கியது. பல ஆங்கிலேய அணிகளின் பெயர் உரிமை அந்நிறுவனத்திடம் இல்லை. அதனால் லிவர்பூலுக்கு ‘மெர்சிசைட் ரெட்’ என்றும் செல்சிக்கு ‘லண்டன் எஃப்சி’ என்றும் பெயர் வைத்தார்கள். லிவர்பூலுக்காகச் சோறு தண்ணி மறக்கிற வீட்டில் ‘மெர்சிசைட் ரெட்’ எடுபடுமா? ரசிகர்கள் உண்மைப் பெயரையும் சின்னத்தையும் சீருடையையும் போட்டு மாற்றுப் பதிப்புகளைச் செய்தார்கள். அங்கே ‘அசல்’ என்று விற்கப்பட்டதில்தான் பொய்ப் பெயர்கள் இருந்தன.

‘மோட்’ என்ற சொல்லுக்கு அன்று வேறு பொருள்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போவது நல்லது. 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் நம்மூர்க் கடைகளில் ‘மோட் போட்டாச்சா?’ என்று கேட்டால் அதற்குப் பொருளே வேறு. பிளேஸ்டேஷன் பெட்டியைத் திறந்து ஒரு சிறு சில்லைப் பற்றவைப்பார்கள். அதன் பிறகு நகல் தட்டுகளையும் அந்தப் பெட்டி படிக்கும். அசல் தட்டின் விலை தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாதது. இரவுச் சந்தையில் நகல் தட்டு சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. திருட்டுத் தட்டுத் தயாரிப்பை ஒடுக்கவே மலேசிய அரசு ஒளித்தட்டுச் சட்டம் 2000-ஐக் கொண்டுவந்தது.

அது பெட்டியின் பூட்டை உடைக்கும் வேலை. ஆட்டத்தில் ஒரு புள்ளியைக்கூட அது மாற்றுவதில்லை. ரசிகர் மாற்றம் என்பது அதுவல்ல. பெரும்பாலும் அசலை வாங்கி வைத்திருப்பவர்தான் அதன்மேல் மாற்றத்தை ஏற்ற முடியும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்ததால், ‘மோட்’ என்றாலே திருட்டு என்ற எண்ணம் பெற்றோர் மனதில் பதிந்துபோனது. அது நியாயமில்லை.

கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை

மாற்றும் கலை கணினி விளையாட்டின் வயதுக்குக் கிட்டத்தட்ட இணையானது. 1981-இல் அமெரிக்காவில் சில இளைஞர்கள், காசு போட்டு ஆடும் ‘மிசைல் கமாண்ட்’ பெட்டிகளுக்கு ஒரு கூடுதல் பலகை செய்து விற்றார்கள். ஆட்டம் கடினமாகும், பழகிப்போன வாடிக்கையாளரிடமிருந்து மறுபடியும் காசு விழும். அசலைச் செய்த அட்டாரி நிறுவனம் 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில் சமரசமாகி, அதே இளைஞர்களைத் தனக்கே விளையாட்டு செய்துதரச் சொன்னது. அவர்கள் அப்போது இன்னொரு மாற்றத்தையும் கையில் வைத்திருந்தார்கள். ஜப்பானின் நாம்கோ 1980-இல் வெளியிட்ட ‘பேக்-மேன்’ விளையாட்டின் மாறுபட்ட வடிவம் அது. ‘கிரேஸி ஆட்டோ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் பேக்-மேனை விற்ற மிட்வே நிறுவனம் அதை வாங்கி, 1982-இல் ‘மிஸ் பேக்-மேன்’ என்று வெளியிட்டது. அந்தக் காலத்தில் மிக அதிகமாக விற்ற பெட்டிகளில் அதுவும் ஒன்று.

நீதிமன்றங்களுக்கும் இது தலைவலியானது. நிண்டெண்டோ விளையாட்டில் கூடுதல் உயிர், கூடுதல் வேகம் தரும் ‘கேம் ஜீனி’ என்ற கருவி வந்தபோது விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கருவியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1998-இல் வந்த இன்னொரு வழக்கில் தீர்ப்பு மாறியது. ‘டியூக் நியூகெம்’ விளையாட்டுக்கு ரசிகர்கள் இலவசமாகச் செய்து போட்ட 300 ஆட்டக் களங்களைத் திரட்டி ஒரு நிறுவனம் தட்டில் போட்டு விற்றது. அது உரிமை மீறல் என்றது நீதிமன்றம். வீட்டில் மாற்றி ஆடு, விற்காதே என்ற ஒரு பொதுப் புரிதல் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் உருவானது எனலாம்.

மாற்றுவதற்கென்றே கதவைத் திறந்து வைத்த முதல் பெரிய விளையாட்டு ‘டூம்’. 1993 டிசம்பர் 10-ஆம் தேதி வெளிவந்தது. அதை எழுதிய ஜான் கார்மாக், ஆட்டத்தை இயக்கும் நிரலையும் படம், ஒலி, களம் ஆகியவற்றையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து வைத்தார். இயந்திரத்தைத் தொடாமலே உள்ளே இருப்பதை மாற்றலாம். வீட்டின் தூணை அசைக்காமல் அறைக்கு வேறு சாயம் பூசுவது போல. 1997-இல் நிரலையே பொதுவில் விட்டார்கள். இன்றும் அதற்குப் புதிய களங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

பட்டணத்துக் கடைவரிசையில்

செம்பனையும் வீடமைப்பும் பால்மரத் தோட்டங்களை விழுங்க, தோட்டத்து மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தில்தான் பட்டணங்களின் கடைவரிசைகளில் கணினி மையங்கள் முளைத்தன. ‘சைபர் கஃபே’ என்றால் எல்லாருக்கும் தெரியும். மணிக்கணக்கில் காசு. பள்ளிச் சீருடையில் வரக் கூடாது என்று வாசலில் ஒரு அட்டை. உள்ளே நுழைந்தால் இரண்டே சத்தம்: ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ துப்பாக்கிச் சத்தம், ‘டோட்டா’ வாள் சத்தம்.

இரண்டுமே நிறுவனங்கள் பெற்ற பிள்ளைகள் அல்ல. கவுன்டர்-ஸ்ட்ரைக், 1998-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டின் மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு மாணவர்கள் செய்த மாற்றம். மின் லே வியட்நாமிய வம்சாவளிக் கனடியர். 1999-இல் இலவசமாக வெளிவிட்டார்கள். 2000-இல் வால்வ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு வேலையும் கொடுத்தது.

டோட்டாவின் கதை இன்னும் சிக்கலானது. பிளிசார்ட் நிறுவனத்தின் ‘ஸ்டார்கிராஃப்ட்’டில் ஒரு ரசிகர் செய்த களம் அதற்கு வித்து. 2003-இல் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டில் ‘யூல்’ என்ற புனைப்பெயர் கொண்டவர் அதை வளர்த்தார். பிறகு ஸ்டீவ் ஃபீக் கைக்குப் போனது. 2005-க்குப் பிறகு ‘ஐஸ்ஃபிராக்’ என்ற புனைப்பெயர்க்காரர் அதைச் செதுக்கினார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டார். கூத்தில் வேடம் கைமாறுவது போல. வால்வ் நிறுவனம் ஐஸ்ஃபிராக்கை அழைத்து ‘டோட்டா 2’ செய்தது. 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில் வெற்றி பெற்ற அணிக்கு 10 லட்சம் டாலர் கிடைத்தது. 2013-இல் சியாட்டலில் மலேசியாவின் ஆரஞ்சு அணி, சாய் யீ ஃபங் தலைமையில் மூன்றாவது இடம் பிடித்தது. கணினி மையத்தில் நேரத்தைத் தொலைக்கிறார்கள் என்று திட்டு வாங்கிய தலைமுறைக்கு அது ஒரு பதில்.

பெயர் யாருக்கு என்ற சண்டை பிளிசார்டுக்கும் வால்வுக்கும் இடையே நடந்து 2012 மே மாதம் சமரசமானது. நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சண்டை போட்ட இருவருமே அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் அல்ல!

டோட்டாவின் வழியில் 2009-இல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ வந்தது. அதைப் பார்த்து 2016-இல் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ வந்தது. 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் போட்டியில் மலேசியாவின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் வாகை சூடியதே, அதன் கொள்ளுப்பாட்டன் ஒரு ரசிகர் வீட்டில் உட்கார்ந்து செய்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ களம். ‘பப்ஜி’யும் அப்படித்தான். ‘ஆர்மா 2’ என்ற இராணுவ விளையாட்டின் மேல் 2012-இல் டீன் ஹால் செய்த மாற்றம் ‘டேஇசட்’. அந்த மாற்றத்தின் மேல் பிரெண்டன் கிரீன் செய்த மாற்றம் 2017-இல் தனி விளையாட்டாகிப் பப்ஜி ஆனது.

மாற்றுகிறவர் எப்போதும் ரசிகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி கைப்பேசி விளையாட்டைத் தடை செய்தது. 2021-இல் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்றே ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் குண்டு பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் ஆட முடியும். அதுவும் ஒரு ‘மோட்’தான், முத்திரை குத்தியவர் மட்டும் வேறு.

சோழர் இல்லாத பேரரசுகள்

தமிழருக்கு நெருக்கமான கதைக்கு வருவோம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999 செப்டம்பரில் வந்தது. ஊர் அமைத்து, விறகு வெட்டி, படை திரட்டிப் பேரரசு கட்டும் விளையாட்டு. இடைக்கால உலகத்தின் 13 இனங்கள் அதில் இருந்தன. பிரித்தானியர், பைசாந்தியர், சீனர், ஜப்பானியர், மங்கோலியர், துருக்கியர், வைக்கிங் எல்லாரும் உண்டு. 2000-இல் வந்த கூடுதல் பதிப்பில் அஸ்டெக், மாயர், ஹூணர், கொரியர், ஸ்பானியர் சேர்ந்தார்கள். இந்தியாவிலிருந்து ஒருவர்கூட இல்லை. தென்கிழக்காசியாவும் இல்லை.

அந்த விளையாட்டு பேசிய காலம் எது? இராஜராஜனும் இராஜேந்திரனும் வாழ்ந்த காலம். 1025 வாக்கில் இராஜேந்திர சோழனின் கடற்படை வங்கக் கடலைக் கடந்து, ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று வென்ற ஊர்களின் பட்டியலைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா. பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் எச்சங்களை நேயர்களில் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். இத்தனையும் நடந்த கடலின் கரையில் வாழும் ஒரு தமிழ்ப் பிள்ளை, விளையாட்டில் யானைப்படை வேண்டுமென்றால் பாரசீகரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெட்டியோடு களம் அமைக்கும் கருவி ஒன்றையும் கொடுத்திருந்தார்கள். அதில் கடாரத்தை அமைத்துக்கொள்ளலாம். பாரசீகருக்குச் சோழர் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மனம் இருந்தால் அவ்வளவு செய்யலாம். ஆனால் வீரர்கள் வாய் திறந்தால் பேசுவது பாரசீகம்.

விளையாட்டைச் செய்த என்சாம்பிள் நிறுவனம் 2009 ஜனவரியில் மூடப்பட்டது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தவர்கள் ரசிகர்கள். பெர்ட் பீக்மன் முதலானோர் இணையத்தில் கூடி, ஊதியம் இல்லாமல், ‘மறக்கப்பட்ட பேரரசுகள்’ என்ற பொருளில் ஒரு மாற்றுப் பதிப்பை 2012 டிசம்பரில் வெளியிட்டார்கள். இத்தாலியர், இன்காக்கள், மஜ்யார், ஸ்லாவியர் ஆகியோரோடு இந்தியர் என்ற இனமும் அதில் முதன்முதலாக நுழைந்தது. உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அவர்கள்மேல் வழக்குப் போடவில்லை. அழைத்து வேலை கொடுத்தது. 2013 நவம்பரில் அதே மாற்றுப் பதிப்பு அதிகாரப்பூர்வமான கூடுதல் பதிப்பாக விற்பனைக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் கூடுதல் பதிப்பு அது.

அதன் பிறகு வேகம் பிடித்தது. 2016 டிசம்பரில் தென்கிழக்காசியப் பதிப்பு வந்தது. மலாய், கெமர், பர்மியர், வியட்நாமியர் சேர்ந்தார்கள். மலாய் இனத்துக்குக் கொடுத்த கதை மஜாபாகித்தின் காஜா மாடாவுடையது. மலாக்காவில் இருந்து பார்க்கிறவருக்கு இது சற்று உறுத்தும். ஹாங் துவாவும் துன் பேராக்கும் இருக்க, ஜாவாக்காரர் வந்து உட்கார்ந்தாரே என்று கேட்கலாம். பரமேஸ்வரா மலாக்காவை நிறுவியது 1400 வாக்கில்தான் என்பதை அவர்கள் பக்கத்து நியாயமாகச் சொல்லலாம். அந்த நியாயம் முழுமையானது அல்ல. விளையாட்டின் காலம் 16-ஆம் நூற்றாண்டு வரை நீள்கிறது.

2022 ஏப்ரல் 28-ஆம் தேதி ‘இந்தியாவின் அரச மரபுகள்’ என்ற பொருளில் இன்னொரு கூடுதல் பதிப்பு வந்தது. இந்தியர் என்ற ஒரே மூட்டையை அவிழ்த்தார்கள். இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று நான்கு இனங்கள் ஆயின. திராவிடருக்கான கதைத்தொடரின் நாயகன் இராஜேந்திர சோழன். வீரர்கள் தமிழ் பேசுகிறார்கள். 1999-இல் விளையாடத் தொடங்கிய ஒருவர் இந்தக் குரலைக் கேட்க 22 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஊதியமில்லாத அந்த ரசிகர்கள் நடுவில் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று துணிந்து சொல்லலாம். மூடிப்போன கடையின் சரக்கில் யார் முதல் போடுவார்கள்?

குறை இல்லாமலும் இல்லை. சோழர், பாண்டியர், சாளுக்கியர், ஹொய்சாளர் எல்லாரையும் ‘திராவிடர்’ என்ற ஒரே பெயரில் அடைத்தது சரித்திர மாணவருக்குப் பிடிக்காது. இவர்களுக்கெனக் கொடுத்த சிறப்புப் படை உருமி வீச்சு வீரர். சுருள்வாள் சிலம்பக் கூடங்களிலும் களரிகளிலும் பார்க்கக் கூடிய ஆயுதம்தான். ஆனால் நெருக்கி நிற்கும் படைவரிசையில் அதைச் சுழற்றினால் முதலில் வெட்டுப்படுவது பக்கத்தில் நிற்கும் சொந்த வீரன். ‘திரிசடை’ என்று கப்பலுக்குப் பெயர் வைத்தது மட்டும் கேட்க இனிமையாக இருக்கிறது. இந்தக் குறைகளையெல்லாம் திருத்தி ஆட விரும்புகிறவருக்கு, இன்றைய பதிப்பில் ரசிகர் மாற்றங்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதிகாரப்பூர்வமாகிவிட்ட மாற்றத்தின் மேல் மறுபடியும் மாற்றம்!

மாற்றத்தில் இருக்கும் ஆபத்து

இவ்வளவு சொன்னதால் மாற்றி ஆடுவதே மேல் என்று ஆகிவிடாது. போட்டி என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே களம் வேண்டும். சுவருக்குப் பின்னால் நிற்கிறவரைக் காட்டும் ‘மோட்’டைப் போட்டுக்கொண்டு வெல்கிறவர் ஏமாற்றுக்காரர், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. தனியாக ஆடும்போது கூடுதல் உயிர் வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். எதிரில் இன்னொருவர் இருக்கும்போது அப்படிச் செய்வது பல்லாங்குழியில் முத்தை மடியில் மறைப்பதற்குச் சமம்.

முன்பின் தெரியாதவர் செய்த கோப்பை வீட்டுக் கணினியில் ஏற்றுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. 2023 ஜூனில் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டின் மாற்றங்கள் சிலவற்றில் கடவுச்சொற்களைத் திருடும் நச்சு நிரல் கலந்திருந்தது தெரியவந்தது. அவை ஏதோ மூலையில் கிடந்தவை அல்ல. பெயர் பெற்ற தளத்திலேயே இருந்தவை. கைப்பேசிக்கு ‘எல்லாம் திறந்த பதிப்பு’ என்று இலவசமாக வருகிறவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பெற்றோர் அஞ்சும் ஆபாச விஷயத்தில் மட்டும் ஒரு திருப்பம் உண்டு. 2005-இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டில் ஒரு ரசிகர் செய்த மாற்றம் படுக்கையறைக் காட்சி ஒன்றைத் திறந்து காட்டியது. பழி முதலில் அவர்மேல் விழுந்தது. ஆராய்ந்தபோது, அந்தக் காட்சி நிறுவனம் விற்ற தட்டிலேயே மறைந்து கிடந்தது. அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு விளையாட்டைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. கடைகள் தட்டுகளை எடுத்துவிட்டன. அசல் என்பதாலேயே ஒரு பொருள் பத்தினியாகிவிடாது.

உழைப்புக்குக் கூலி என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. 2015 ஏப்ரலில் வால்வும் பெதெஸ்டாவும் ‘ஸ்கைரிம்’ விளையாட்டுக்கான ரசிகர் மாற்றங்களைக் காசுக்கு விற்க வழி செய்தன. செய்தவருக்குக் கிடைப்பது நூற்றுக்கு 25. மீதி நிறுவனங்களுக்கு. எதிர்ப்பு கிளம்பியதில் அந்தத் திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், எதிர்த்தவர்களில் பலர் ‘25 போதாது’ என்று எதிர்க்கவில்லை. ‘இலவசமாகக் கிடைத்ததற்கு ஏன் காசு’ என்றுதான் எதிர்த்தார்கள். மாதக்கணக்கில் கண்விழித்தவரை இரண்டு பக்கமும் சேர்ந்து அடித்தது போல ஆயிற்று.

டோட்டாவைக் கை நழுவவிட்ட பிளிசார்டும் பாடம் கற்றுக்கொண்டது, தனக்குச் சாதகமாக. 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3 புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, அதில் யார் எந்தக் களம் செய்தாலும் அதன் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கே என்று விதியில் எழுதிவிட்டார்கள். இன்னொரு யூல், இன்னொரு ஐஸ்ஃபிராக் வந்தால் அவர் கையில் எதுவும் மிஞ்சாது. அதோடு விடவில்லை. பழைய பதிப்பை வாங்கி வைத்திருந்தவர்களின் இணைய ஆட்டத்தையும் புதியதோடு இழுத்துக் கட்டினார்கள். மாற்றம் எதுவும் வேண்டாம், 2002-இல் வாங்கியதை வாங்கியபடியே இணையத்தில் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தவரின் ஆட்டத்தையும் நிறுவனமே மாற்றிவிட்டது. கோபத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பழைய ஆட்டத்தை மீண்டும் ஓடவைக்கும் வழிகளை இணையத்தில் தேடியவர்களுக்குக் கைகொடுத்தவர்கள், வழக்கம்போல, ரசிகர்கள்தான்.